அட்லரின் மனிதனும் ‘தண்ணீர்’ நாவலின் தெருவும்

உளவியலைத் துணைக்கொண்டு இலக்கியத்தை ஆராயும் போக்கு தமிழில் பெரும்பாலும் சிக்மண்ட் ஃபிராய்டோடு நின்றுவிடுகிறது. அவருடைய வட்டத்திலிருந்து 1911ஆம் ஆண்டில் பிரிந்து வெளியேறிய ஆல்ஃபிரட் அட்லரை நாம் அறியாமலேயே நாள்தோறும் எடுத்தாள்கிறோம். ‘தாழ்வு மனப்பான்மை’ என்ற தொடரைச் சொல்லாத பெற்றோர் இல்லை, ஆசிரியர் இல்லை; மறைக்கல்வி வகுப்பிலும் இளையோர் முகாமிலும் அதைத் தொடாமல் பேசிமுடித்த பேச்சாளரும் இல்லை. சொல் பரவியது, சொன்னவர் மறக்கப்பட்டார். அதைவிட வருந்தத்தக்கது, அவர் சொன்னதில் பாதி மட்டுமே பரவியது. தாழ்வுணர்ச்சியை வென்று முன்னேறுவது எப்படி என்று கற்பிக்கும் ஆளுமை வளர்ச்சிப் பயிற்சிகள் பெருகின. முன்னேறுகிறவன் யாரோடு முன்னேறுகிறான், யாருக்காக முன்னேறுகிறான் என்ற அட்லரின் இரண்டாவது கேள்வி, முதற் கேள்வியைவிடக் கடினமானது என்பதாலோ என்னவோ, விடுபட்டுப்போயிற்று.

அந்த இரண்டாவது கேள்வியை ஒரு தமிழ் நாவலின் முன் வைத்துப் பார்க்க விரும்புகிறோம். நாவல், அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. 1970களின் தொடக்கத்தில் வெளிவந்த சிறிய நூல். குடிநீருக்குத் தவிக்கும் சென்னைத் தெரு ஒன்றில் நிகழ்வது. சிட்லபாக்கத்தில் இருந்துகொண்டு அதை வாசிப்பவர்க்கு விளக்கவுரை தேவைப்படும் பக்கம் அதில் ஒன்றுகூட இல்லை. லாரி வரும் ஓசைக்குக் காத்திருப்பதும், வரிசையில் வைத்த குடம் இடம் மாறியதற்காக மூளும் சண்டையும், அடித்தும் வராத அடிபம்பும் நாம் கண்டறிந்தவையே. அட்லரின் கொள்கை இந்நாவலின் பெரும்பகுதியை வியக்கத்தக்க அளவு விளக்குகிறது. ஆனால் டீச்சரம்மா என்னும் ஒரே ஒரு பாத்திரத்தின் முன் அது தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தில் கிறிஸ்தவர்களாகிய நமக்குரிய செய்தி ஒன்று இருக்கிறது என்பது நம் கருத்து.

முதலில் அட்லரைப் பற்றிச் சிறிது. 1870ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், வியன்னாவின் புறநகர் ஒன்றில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். எலும்புகளை வலுவிழக்கச் செய்யும் ரிக்கெட்ஸ் நோயால் மற்றப் பிள்ளைகளைப்போல் ஓடியாட இயலாத குழந்தையாக இருந்தார். பக்கத்துப் படுக்கையிலிருந்த தம்பி இறந்துபோனதைக் கண்டார். பின்பு அவரே நிமோனியா கண்டு, மருத்துவர் கைவிட்ட நிலையிலிருந்து மீண்டார். மருத்துவராவதென்று அப்போதே உறுதி பூண்டதாகப் பின்னாளில் சொன்னார். 1904இல் திருமுழுக்குப் பெற்றுப் பிராட்டஸ்டண்ட் சபையில் சேர்ந்தார். 1907இல் அவர் வெளியிட்ட முதல் முக்கிய நூல், உடலுறுப்புகளின் குறைபாட்டை மனிதர் எவ்வாறு ஈடுசெய்கிறார்கள் என்பதைப் பற்றியது. நுரையீரல் நோயாளருக்காக 1928இல் தொடங்கப்பட்ட மருத்துவமனையின் பெயரையே இரயில் நிலையத்திற்கும் சூட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் வாழ்கிற நமக்கு, உடற்குறை ஒருவரின் வாழ்வை எவ்வளவு தூரம் வடிவமைக்கும் என்பது புதுச்செய்தியன்று.

உறுப்பின் குறையிலிருந்து தொடங்கிய சிந்தனை விரைவில் உள்ளத்தின் குறைக்கு வந்தது. ஒவ்வொரு குழந்தையும் தன்னைவிடப் பெரியவர்களுக்கிடையே சிறியதாகப் பிறக்கிறது. ஆகவே தாழ்வுணர்ச்சி ஒரு நோயன்று. அது மனிதப் பிறப்பின் தொடக்க நிலை. அதிலிருந்து எழுந்து நிறைவை நோக்கி நகரும் நாட்டமே உயிரின் இயக்கம் என்றார் அட்லர். ஒவ்வொருவரும் இளமையிலேயே தமக்கென ஒரு கற்பனை இலக்கை வரைந்துகொள்கிறார்கள். அதை நோக்கியே அவர்களுடைய நினைவு, கனவு, பழக்கம் யாவும் ஒழுங்குபடுகின்றன. அட்லர் தம்மைப் பற்றியே ஒரு சுவையான நிகழ்ச்சியைச் சொல்வதுண்டு. பள்ளிக்குப் போகும் வழியிலிருந்த கல்லறைத் தோட்டத்தைக் கண்டு அஞ்சிய சிறுவனாகிய அவர், அச்சத்தை வெல்வதற்காக அதன் ஊடே பலமுறை ஓடி ஓடிப் பழகினாராம். பல ஆண்டுகள் கழித்துப் பழைய பள்ளித்தோழர் ஒருவரைக் கேட்டபோது, அவ்வழியில் கல்லறைத் தோட்டமே இருந்ததில்லை என்று தெரியவந்தது. இலக்கு நினைவையும் படைத்துவிடுகிறது! தம் கொள்கைக்குத் தாமே சான்றாக நின்ற உளவியலார் சிலரே.

இந்த மேன்மை நாட்டம் எத்திசையில் செல்கிறது என்பதில்தான் உள்ளத்தின் நலமும் நோயும் பிரிகின்றன. பிறரைக் கீழே தள்ளித் தான் மேலே நிற்க முயல்வது நோயின் வழி. பிறரோடு சேர்ந்து பொதுவாழ்வுக்குத் தன் பங்கை ஆற்றுவது நலத்தின் வழி. இதனை அளக்கும் கோலாக அவர் கண்டது ‘சமூக உணர்வு’. தொழில், தோழமை, காதல் ஆகிய மூன்றும் வாழ்க்கை ஒவ்வொருவர்முன்னும் வைக்கும் பணிகள். சமூக உணர்வு குன்றியவர் இம்மூன்றில் ஏதேனும் ஒன்றிலாவது தடுக்கி விழுவார் என்றார். முதல் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றியபின் இவ்வுணர்வை அவர் மேலும் வலியுறுத்தலானார். போரிலிருந்து மீண்ட வியன்னாவில் பள்ளிகளோடு இணைந்து குழந்தை வழிகாட்டல் நிலையங்களை அமைத்தார். 1934இல் அவை மூடப்பட்டன. மூடிய அரசு, தன்னைக் கத்தோலிக்க அரசென்று அழைத்துக்கொண்ட அரசு, திருத்தந்தையின் சமூகச் சுற்றுமடலைத் தன் அரசியலமைப்புக்கு ஆதாரமாகக் காட்டிய அரசு என்பதை நம் இதழில் மறைத்து எழுதுவது முறையாகாது. அயலாரை அன்புசெய் என்னும் கட்டளை மனித இயல்புக்கு ஒவ்வாதது என்று 1930இல் வாதிட்டவர் ஃபிராய்டு. அதே கட்டளையில் மனநலத்தின் இலக்கணத்தைக் கண்டவர் அட்லர். இவ்விருவருள் நமக்கு நெருக்கமானவரின் பணியையே நம்மவர் பெயரால் நடந்த ஆட்சி முடக்கிற்று.

இனி நாவலுக்கு வருவோம். ஜமுனா, சாயா என்று அக்காள் தங்கையர் இருவர் ஒரு வீட்டின் பகுதியில் குடியிருக்கிறார்கள். தங்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள்; அவள் கணவன் இராணுவத்தில் இருக்கிறான். அக்காள் ஜமுனாவுக்குத் திரைப்பட நடிகையாக வேண்டுமென்ற கனவு. அக்கனவைக் காட்டியே பாஸ்கர் ராவ் என்பவன் அவளைப் பயன்படுத்திக்கொள்கிறான். காரில் வந்து அழைத்துப் போகிறான், யார் யாரிடமோ அறிமுகம் செய்கிறான். சாயா இதைப் பொறுக்காமல் விடுதிக்குப் போய்விடுகிறாள். தெருவிலோ தண்ணீர் இல்லை.

ஜமுனாவை அட்லரின் கண்கொண்டு பார்த்தால் யாவும் தெளிவாகத் தோன்றுகிறது. கதாநாயகியாதல் அவளுடைய கற்பனை இலக்கு. அது அவளை வாழவைக்கும் இலக்கன்று. வாழ்க்கையின் மூன்று பணிகளிலிருந்தும் விலகி நிற்கச் சாக்குத் தரும் இலக்கு. என்றோ வரப்போகும் பெரிய வேடத்துக்காக இன்றைய நாள் முழுதும் காத்திருப்பில் கழிகிறது. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் பணிபுரிந்து 1966இல் வெளியேறியவர். இத்தகைய காத்திருப்பை அருகிருந்து கண்டவர். அதனாலேயே பாஸ்கர் ராவை மீசை முறுக்கும் வில்லனாக்காமல், எல்லா இடத்திலும் காணக்கூடிய சாதாரண மனிதனாக, அதனால் மேலும் அஞ்சத்தக்கவனாகப் படைத்திருக்கிறார். அவனுடைய பிடி ஜமுனாவின் மேல் இல்லை. அவளுடைய இலக்கின்மேல் இருக்கிறது. இலக்கை அவள் விட்டால் பிடி தானே தளர்ந்துவிடும். அட்லர் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தம் நோயாளர் குறிப்புகளில் தேடவேண்டியதில்லை.

தெருவையும் அவர் கொள்கை நன்கு விளக்கும். தட்டுப்பாட்டுக் காலத்தில் தண்ணீர் அதிகாரமாகிறது. பம்பு யார் வீட்டுக்குள் இருக்கிறதோ அவர் மேலே. குடம் யார் கையில் இருக்கிறதோ அவர் கீழே. ஒரு குடம் தண்ணீர் தருவதற்கும் மறுப்பதற்கும் இடையே மனிதர்கள் எத்தனை விதமாகத் தங்கள் உயரத்தை நிறுவிக்கொள்கிறார்கள் என்பதை ஆசிரியர் குரலை உயர்த்தாமலே காட்டிவிடுகிறார். விளக்கம் சொல்லும் ஆசை அவருக்குச் சிறிதும் இல்லை. பாத்திரங்களின் உள்ளத்தைத் திறந்து காட்டுவதாகச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதும் நாவலாசிரியர்களைவிட, யார் எந்த நேரத்தில் எந்த ஏனத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடினார் என்று மட்டும் எழுதும் இவரே நல்ல உளவியலார் எனலாம்.

துயரம் முற்றி, ஜமுனா தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எல்லைவரை போகிறாள். அவளை மீட்பது மருத்துவமன்று, அறிவுரையன்று, அற்புதமும் அன்று. அதே தெருவில் வாழும் டீச்சரம்மா அவளிடம் தன் கதையைச் சொல்கிறாள். சிறுவயதிலேயே தன்னைவிட மிக மூத்த, நோயுற்ற ஒருவருக்கு மணமுடிக்கப்பட்டவள் அவள். பள்ளியில் வேலை, வீட்டில் நோயாளிக் கணவர், மாமியார், இவற்றோடு தண்ணீருக்கும் ஓடவேண்டும். அந்தப் பேச்சுக்குப்பின் ஜமுனா உடனே புதுப்பிறவி எடுத்துவிடவில்லை. ஆனால் ஏதோ ஒன்று நகர்ந்துவிடுகிறது.

மனத்தளர்ச்சியுற்றோருக்கு அட்லர் வழக்கமாகச் சொல்லும் மருந்து ஒன்றுண்டு. நாள்தோறும் யாரேனும் ஒருவரை மகிழ்விப்பது எப்படி என்று எண்ணுங்கள். பதினான்கு நாளில் குணமாவீர்கள் என்பார். எளிய மருந்துதான், ஆனால் அதை அருந்தக்கூடிய நிலையில் நோயாளி இருந்தால் அவர் மருத்துவரிடம் வந்திருக்கவே மாட்டாரே என்று நமக்குத் தோன்றுகிறது. அட்லரும் இதை அறியாதவரல்லர். நோயாளிகள் சொல்லும் சாக்குகளையெல்லாம் எதிர்பார்த்தே அவர் இம்மருந்தைக் கொடுத்தார் என்பர். எனினும், வெறுமையிலிருப்பவள் கொடுக்கத் தொடங்க வேண்டுமென்றால் முதற்குடம் எங்கிருந்து வரும்? இக்கேள்விக்கு அவருடைய கொள்கையில் நிறைவான விடை இல்லை. சமூக உணர்வு பிறவியிலேயே வித்தாக இருக்கிறது, தாய் அதை வளர்க்க வேண்டும் என்கிறார். வளர்க்கப்படாமற்போன வித்து முப்பது வயதில் எதனால் முளைக்கும்?

டீச்சரம்மா விடையை வேறொரு திசையிலிருந்து கொண்டுவருகிறாள். அட்லரின் இலக்கணப்படி, குறையிலிருந்து நிறைவை நோக்கிச் செல்வதே இயக்கம். டீச்சரம்மாவின் வாழ்வில் அத்தகைய இயக்கம் எதுவுமில்லை. அவள் குறை தீரவில்லை; ஈடுசெய்யப்படவும் இல்லை. ஈடாக அவள் எந்தச் சிறப்பையும் அடையவில்லை. ஜமுனாவைவிட உயர்ந்த இடத்திலிருந்து கைநீட்டி அவளைத் தூக்கிவிடவும் இல்லை. தன் குறையை அவள்முன் அவிழ்த்து வைக்கிறாள், அவ்வளவே. அக்குறையே இருவரும் சந்திக்கும் இடமாகிவிடுகிறது. தாழ்வு என்பது தாண்டப்படவேண்டிய பள்ளம் மட்டுமன்று, அது ஒருவரையொருவர் காணும் கிணற்றடியாகவும் இருக்கக்கூடும் என்பதை நாவல் காட்டுகிறது. அட்லரின் கொள்கை இதற்கு மிக அருகில் வந்து நின்றுவிடுகிறது. எல்லாவற்றையும் நகர்ச்சியாகக் கண்டவர், நகராமல் நிற்கும் ஒருத்தியின் கொடையைக் காணும் சொல்லை நமக்குத் தரவில்லை.

இக்குறையை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் கத்தோலிக்கர் என்பதை வாசகர்கள் அறிதல் நன்று. வியன்னா மனநல மருத்துவரான ருடால்ஃப் அல்லர்ஸ், அட்லரோடு சில ஆண்டுகள் நெருங்கியிருந்து 1927இல் பிரிந்தவர். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற விக்டர் ஃபிராங்கலும் அதே ஆண்டில்தான் அட்லரின் வட்டத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. நல்லொழுக்க ஆளுமையின் உருவாக்கம் பற்றி 1929இல் நூலெழுதிய அல்லர்ஸ், 1938இல் அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்திற்குப் பேராசிரியராகச் சென்றார். மனிதன் படைக்கப்பட்டவன், எல்லையுடையவன். அவ்வெல்லையை ஏற்க மறுக்கும் உள்ளத்தின் மறைவான கிளர்ச்சியே மன நோயின் அடித்தளம் என்பது அவர் கண்ட முடிவு. அட்லர் குறையை வெல்லச் சொன்னார். அல்லர்ஸ் சில குறைகளை வெல்லமுடியாது, வெல்ல முயல்வதே நோய் என்றார். தாழ்ச்சி என்று நம் ஞானநூல்கள் கூறிவந்ததற்கு உளவியலில் இடந்தேடிய முயற்சி அது.

யாக்கோபின் கிணற்றருகே நிகழ்ந்ததை இங்கே நினைக்காமல் இருக்க இயலவில்லை. யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் ஆண்டவர் அந்தச் சமாரியப் பெண்ணுக்குக் கொடுப்பதில் தொடங்கவில்லை. அவளிடம் கேட்பதில் தொடங்குகிறார். நடந்து களைத்தவராய், மொண்டெடுக்க ஏனமற்றவராய், நண்பகல் வெயிலில் அமர்ந்திருக்கிறார். பல உறவுகளில் சிதைந்து ஊராரின் கண்ணுக்கு அஞ்சி வாழ்ந்திருக்கக்கூடிய பெண்ணொருத்தி, தன்னிடம் கேட்கும் ஒருவரின் தேவையின்முன் முதன்முறையாகக் கொடுக்கக்கூடியவளாகிறாள். முதற்குடம் எங்கிருந்து வரும் என்று கேட்டோமே! எதிரே இருப்பவரின் தாகத்திலிருந்து வருகிறது.

இதனை நம் பங்குகளின் தொண்டுமுறையோடு ஒப்பிடத் தோன்றுகிறது. 2015 டிசம்பரில் வெள்ளம் புறநகர்த் தெருக்களை மூழ்கடித்தபோது பொதுநிலையினர் அமைப்புகள் ஆற்றிய பணி மறக்கத்தக்கதன்று. ஆயினும் உதவிப்பொருள் வழங்கும் மேடையும் பதாகையும் நிழற்படமும், அவற்றில் கொடுப்போர் பெயர் மட்டும் இடம்பெற்று வாங்குவோர் வெறும் வரிசையாக நிற்பதும் நாம் பன்முறை கண்டவையே. அட்லர் இருந்திருந்தால் இதில் சமூக உணர்வின் ஆடை அணிந்த மேன்மை நாட்டத்தைக் கண்டிருப்பார். இரக்கத்தின் வழியாகவும் ஒருவர் மற்றவரைக் கீழே வைக்கலாம் என்பதை அவருடைய கொள்கை நமக்கு இடித்துரைக்கிறது. 1833இல் பாரிசில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழையை மேடைக்கு அழைக்காமல் அவர் வீட்டுக்குச் சென்றதன் நுட்பம் இதுவே. அன்பியக் கூட்டங்களில் நம் வீட்டுக் குறையைச் சொல்லாமல், அடுத்த தெருவின் குறைக்குச் செபிக்கும் பழக்கம் நமக்கு எவ்வாறு வந்தது என்றும் ஆராயலாம்.

மாறாக, 2019 கோடையில் சென்னை முழுதும் வறண்டபோது சிட்லபாக்கம் ஏரியில் குடியிருப்போரே மண்வெட்டியோடு இறங்கினார்கள். அரசு சீரமைப்புப் பணியை எடுத்துக்கொள்வதற்கு முன்பு நடந்தது அது. அங்கே கொடுப்பவரும் பெறுபவரும் என்ற பிரிவினை இல்லை. எல்லார் வீட்டுக் கிணறும் வற்றியிருந்தது. கோடையில் தாகத்தாலும் ஐப்பசி கார்த்திகையில் வெள்ளத்தாலும் ஒரே ஊர் தவிக்கும்போது, குறை பொதுவாகிவிடுகிறது. அட்லர் விரும்பிய சமூக உணர்வு போதனையால் வந்ததைவிட வற்றிய ஏரியால் அதிகம் வந்தது என்றால் மிகையாகாது.

இவ்விடத்தில் ஓர் எதிர்ப்புக்கு விடைகூற வேண்டும். டீச்சரம்மாவை இவ்வாறு போற்றுவது, பெண்களின் துன்பத்துக்கு மகுடம் சூட்டி அவர்களை அதிலேயே இருத்திவைக்கும் பழைய தந்திரமாகாதா? ஆகும், நாம் எச்சரிக்கையாக இல்லாவிடில் கட்டாயம் ஆகும். பொறுமையின் சிகரம், வீட்டின் மெழுகுவர்த்தி என்று மறையுரைகளில் தாய்மாரைப் புகழ்ந்துவிட்டு அவர்கள் தலைமேலேயே அடுத்த குடத்தையும் ஏற்றுவதில் நாம் தேர்ந்தவர்கள். இங்கே அட்லர் நமக்குத் துணைவருகிறார். பெண் தாழ்ந்தவள் என்று கருதும் பண்பாடே ஆண் பெண் இருபாலாரின் உள்ளத்தையும் நோயுறச் செய்கிறது என்று, தம் காலத்து மருத்துவர் பலர் சொல்லத் துணியாததைச் சொன்னவர் அவர். சிறுமியொருத்தியை முதியவருக்குக் கட்டிவைத்தது விதியன்று, சிலுவையுமன்று; சமூகம் இழைத்த குற்றம் என்றே அவர் தீர்ப்பளிப்பார். அத்தீர்ப்பு சரியானது. அசோகமித்திரனும் டீச்சரம்மாவுக்கு ஒளிவட்டம் வரையவில்லை. அவள் இனிய சொற்காரியல்லள். ஜமுனாவிடம் அவள் பேச்சில் கனிவோடு கண்டிப்பும் இருக்கிறது. மகிழ்ச்சியாக இருப்பதாக அவள் எங்கும் பாவனை செய்வதில்லை. எல்லையை ஏற்பது வேறு, அநீதியை ஏற்பது வேறு. அல்லர்ஸ் முதலாவதைச் சொல்லித்தந்தார். இரண்டாவதை மறவாதிருக்க அட்லர் வேண்டும்.

திறனாய்வாளர் சிலர் இந்நாவலின் தண்ணீரைக் குறியீடாகக் கொண்டு, அன்பு வற்றிய மனங்களின் வறட்சி என்று பொருள் சொல்கின்றனர். குறியீடு அதில் இல்லாமலில்லை. ஆனால் அவ்வாறு விரைந்து குறியீட்டுக்குத் தாவுகிறவர்கள் ஒரு வாரம் தண்ணீரில்லாமல் இருந்து பார்த்திருக்கமாட்டார்கள் என்றே நாம் ஐயுறுகிறோம். இந்நாவலில் தண்ணீர் முதலில் தண்ணீர்தான். குடிப்பதற்கும், நோயாளியைக் குளிப்பாட்டுவதற்கும், பாத்திரம் கழுவுவதற்கும் உரிய தண்ணீர். ஆளுமை, சமூக உணர்வு, மீட்பு யாவும் அதைச் சுமக்கும் கைகளில்தான் நிகழ்கின்றன. மீண்டும் வரும் பாஸ்கர் ராவை ஜமுனா திருப்பியனுப்பும்போது அவள் கருவுற்றிருக்கிறாள். கதாநாயகிக் கனவு கலைந்துவிட்டது. வாழ்க்கை முன்னைவிட எளிதாகவும் இல்லை. ஆயினும் அவனை அனுப்பிவிட்டு நிற்பவள், அவனுக்காக முன்பு காத்திருந்த பெண் அல்லள்.

சமாரியப் பெண் தன் குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள் என்று யோவான் எழுதுகிறார். ஜமுனாவால் குடத்தை விட்டுச்செல்ல முடியாது. தெருவில் லாரி வரும் நேரம். டீச்சரம்மாவின் வீட்டுக்கும் தண்ணீர் வேண்டும்.